பக்கம் புரட்டுகிறவன்

வாசிப்பவன் நானில்லை.
அவளுக்கு இடப்பக்கம், அரையடி பின்தள்ளி
நாற்காலியில் இருப்பவன்.
கைதட்டலுக்கு எழக் கூடாது. தும்மக் கூடாது.
வெள்ளைச் சட்டை கூடாது,
ஓரக்கண்ணில் அடிக்கிறதாம்.

முதலில் போனது பல்பு மாட்ட.
ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டிக்கு வயரிங் இழுக்கிறவன் நான்.
பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டுக்குப் பின்னால்
தரைத்தளத்தில் அந்த வீடு.
பியானோவின் வயிற்றுக்குள் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு
இரவும் பகலும் எரிய வேண்டும்,
இல்லாவிட்டால் ஐப்பசி ஈரம் உள்ளே ஏறிவிடும்
என்றாள் ஹெப்சிபா.
கோழிக்குஞ்சுப் பெட்டி மாதிரி இருக்கே என்றேன்.
‘பொரிக்கத்தான்.’
மாட்டி முடித்ததும்
‘ரெண்டு நிமிஷம் இரு. தலையை ஆட்டினா தாளைத் திருப்பு.’

பதினொரு வருஷம் ஆகிறது.

வாழ்க்கையைக் கேட்டால் தேதி சொல்ல மாட்டாள்,
சம்பளம் சொல்வாள்.
சர்ச்சில் ஆர்கன், ஞாயிறுக்கு எழுபத்தைந்து;
கல்யாணம் என்றால் கேக்கும் உண்டு.
கோடம்பாக்கத்தில் கால்ஷீட்டுக்கு எண்ணூறு.
ஒரு கதாநாயகி மழையில் ஓட
நாற்பது நொடி இசை, ஏழு தடவை வாசித்தாள்.
படத்தில் மழையையே வெட்டிவிட்டார்கள்.
வாரத்துக்குப் பதினேழு பிள்ளைகள், கிரேடு ஒன்று முதல் ஐந்து.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே அம்மாக்கள்:
‘டிஸ்டிங்ஷன் வருமா மிஸ்?’

அவளுடைய ஐந்து கோடுகள்
இரவு பத்தரைக்கு மேல்தான்.
மேல்வீட்டுக்காரர் குழவியால் தரையைத் தட்டுவார்.
அந்தத் தட்டல் அவளுடைய குவார்ட்டெட்டில் இருக்கிறது,
மூன்றாம் பகுதியில், செல்லோவுக்கு.
அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் வெள்ளம் பெடலைத் தொட்டபோது
நான், அவள், அவள் தம்பி, பால்காரர்
நாலு பேரும் சாய்த்துத் தூக்கிச் செங்கல் வைத்தோம்.
எல்லாம் காய்ந்த பின்
நடுவில் ஒரு கறுப்புக் கட்டை, எஃப் ஷார்ப்,
அழுத்தினால் எழவில்லை.
மரம் ஊதிவிட்டது என்றாள்.
எதிர்வீட்டு வயலின்காரர் எட்டிப் பார்த்து
‘ஸியை ஷட்ஜமா வெச்சா இது பிரதி மத்யமம்மா,
கல்யாணி முழுக்க இதுலதான் நிக்குது’ என்று
துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.
ரிப்பேர் ஆள் பெங்களூரிலிருந்து வர வேண்டும்.
ரயில் டிக்கெட், ரூம், கூலி.
அந்தக் கட்டை இல்லாமலே எழுதினாள்.
நாலு வருஷம். பத்தொன்பது உருப்படி.

ஜெர்மனியில் ஏதோ ஓர் ஊரில் பனிக்காலத்தில்
வேறொருத்தி அவற்றை வாசித்தாள்.
‘ஒரு சுரத்தையே துறந்திருக்கிறார்,
இது கீழைத் துறவு’ என்று பத்திரிகை எழுதியது.
கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தபோது
டீ அவள் மூக்கில் ஏறிவிட்டது.
சிரித்து ஓய்ந்து, ரொம்ப நேரம் கழித்து,
‘பொய்யும் இல்ல’ என்றாள்.

அங்கிருந்து வந்த பணத்தில் பெங்களூர் ஆள் வந்தார்.
அரைமணி வேலை.
கட்டைகளுக்கு இடையிலிருந்து இடுக்கியால் எடுத்து
என் உள்ளங்கையில் போட்டார்.
மரம் ஊதவில்லை.
திருகாணி.
எங்கள் ஸ்டோர் சாமான். தலையின் வெட்டு எனக்குத் தெரியும்.
பல்பு மாட்டிய அன்று விழுந்தது
தூக்கும்போது உருண்டிருக்கும்.
அவள் அடுக்களையில் அவருக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் எழும்பூர் மியூசியம் தியேட்டரில்
அறுபத்திரண்டு பேர். பாதி பேர் அந்த அம்மாக்கள்.
புது உருப்படி. ஏழாம் பக்கக் கடைசியில்
அந்தக் கட்டை, துணைக்கு ஒன்றுமில்லாமல்,
நாலு பார் நீளம்.
அழுத்தினாள்.
ஏசி இரைச்சலுக்கு அடியில் அது தேய்ந்து தேய்ந்து
யாரோ வளையலை நகர்த்துகிற சத்தம் வரை தேய்ந்தது.
விரலை எடுத்தாள்.
கட்டை எழுந்தது.

தலையை ஆட்டியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.
இடக்கையால் தானே திருப்பிக்கொண்டாள்,
ஒரு சுரம் விட்டுப்போனது.

டவுட்டன் சிக்னலில் ஆட்டோ நின்றபோது கேட்டாள்:
‘ஏழாம் பக்கத்துல எங்க போயிட்ட?’
சட்டைப் பையில் கைவிட்டேன். இருந்தது.
குண்டு பல்பு இப்போ ரிச்சி தெருவிலகூடக் கிடைக்கிறதில்ல,
அதான் யோசிச்சேன் என்றேன்.